வெங்காயக் கூடைக்குள் முப்பத்தேழு பேர்

திருப்பூர்,
14-11-1966

மதிப்புக்குரிய மாமா ரத்தினசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை செல்லாத்தாளின் மகனும், உங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவனுமான கந்தவேல் வணக்கத்துடன் எழுதுவது.

எங்கள் முப்பத்தேழு பேரையும் நீங்கள் உங்கள் சமையற்கட்டில் அடைத்து வைத்து, எங்கள் மேல் சின்ன வெங்காயத்தைக் கொட்டியிருக்கிறீர்கள். மற்றபடி இங்கே நான், அம்மா, அக்கா கண்ணம்மாள் மூவரும் சுகம். அத்தை சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டினேன். அம்மா பக்கத்தில் நின்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயுதபூசை அன்று பொரிகடலை கொடுப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். "ஊட்டுல ஒரு துண்டுக் காயிதங்கூட வீணாப் போகப்படாதுங்க. வீணுன்னு ஒண்ணுமே இல்லீங்க, நம்ம சோம்பேறித்தனந்தான் வீணு" என்றீர்கள். யாரிடம் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கள் வீதியில் குப்பைத் தொட்டியே கிடையாது; போடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு பனியன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் நான் போடுவேன், தோள் கிழிந்ததும் அது தலையணை உறை, பிறகு அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கைத்துணி, அதற்கப்புறம் வீடு மெழுகும் துணி, கடைசியில் சைக்கிள் துடைக்கும் துணி. அதோடும் விடமாட்டோம், திரியாகத் திரித்து எரித்துவிடுவோம். இப்படிப்பட்டவர்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுத்த மறுநாளே, வெட்டில் விழும் துண்டுத் துணியை இனி யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, மூட்டைக்குள் முழு பனியன் ஒளிந்து போகிறது என்று சொல்லி, எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டுக் கொளுத்தச் சொன்னீர்கள். கொளுத்தியவன் நான். அக்காவுக்கு இது எட்டாவது மாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிக்க, துடைக்க, சுற்ற அந்த மெத்தென்ற துண்டுகளைத்தான் நம்பியிருந்தோம். இந்த வீதியில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அதில்தான் உருண்டன, நானும்தான்.

ஆகவே மனு எழுதினேன். துண்டுத் துணியைப் பழையபடி எங்களுக்கே விட வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. கீழே பதினோரு கையெழுத்து, இருபத்தாறு கைநாட்டு. நல்ல நாள் பார்த்துக் கொடுக்கலாம் என்று தகரப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அங்கேதான் காரியம் கெட்டது. பூசைக்கு வந்திருந்த அம்மா உங்கள் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் குடைத் துணியைக் கழற்றிச் சந்தைக்குப் போகப் பை தைத்தாள்; அன்றே மழை பிடித்துக்கொண்டது, அந்தப் பையையே தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தேங்காய் துருவ வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் ரசம் சோற்றுக்கு முன்னால் என் சட்டைக்குப் போய்ச் சேருகிறது. அதற்கப்புறம் வீட்டிலிருந்த காகிதத்தை எல்லாம் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, அந்தக் கூழில் ஒரு கூடை செய்து, காயவைத்துச் சாயம் பூசி, கொண்டுபோய் உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டாள். நான் பெட்டிக்கு அடியில் பார்க்கிறேன், மனு இல்லை.

"அம்மா, இங்கிருந்த காயிதம் எங்க?"

"அண்ணன் சொன்னாருல்ல? ஒண்ணையும் வீணாக்கல, போ."

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடை நிறைய வெங்காயம். விருந்தாளி ஒருவரிடம் நீங்கள் அதை விரலால் தட்டிக் காட்டினீர்கள். "நம்ம தங்கச்சி பண்ணுனதுங்க. நான் சொன்ன ஒரே சொல்லு! இரும்பாட்டம் இருக்குது பாருங்க." இருக்காதா மாமா? முப்பத்தேழு பேர் அதில் இருக்கிறோம்.

கம்பெனியில் உண்மையைச் சொன்னேன். உதைப்பார்கள் என்று நினைத்தேன். மடித்து அடுக்குகிற சாமியாத்தாள் அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அட உடு கண்ணு. கையில கொண்டுபோயிருந்தா வாசப்படியிலயே நின்னிருப்போம். இப்பப் பாரு, சமையக்கட்டு வரைக்கும் போயிட்டம்!" வாட்ச்மேன் கன்னையனுக்கு வேறு கவலை. "ஏந் தம்பி, என்ற கைநாட்டு விளிம்புலயா, அடியிலயா? அடியிலன்னா வெங்காயக் கனம் தாங்காதுங்க." அன்று எந்த மிஷினும் ஒழுங்காக ஓடவில்லை. அந்த நஷ்டத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

எனவே கூடையை மனுவாக ஏற்றுக்கொண்டு, கொளுத்துவதை உடனே நிறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் குடும்பம் கிளைவிட்டுத் தழைக்கட்டும்; புகை இல்லாவிட்டால் இன்னும் நன்றாகத் தழைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
கந்தவேல்

பி.கு.: மேலே எழுதியது முழுவதும் தப்பு. கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கைநாட்டு வெச்ச காயிதத்த ஆராச்சும் அரைப்பாங்களாடா? கூடையோட சேத்தி உன்ற மாமன் கையிலயே குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்கிறாள். நான் நம்பவில்லை. அதற்குள் கன்னையன் நனைந்த தாள் ஒன்றோடு வந்து நிற்கிறார். போன வாரம் நீங்கள் உங்கள் கையாலேயே எழுதிக் கம்பெனி கேட்டில் ஒட்டவைத்த 'எதையும் வீணாக்காதீர்' அறிவிப்பு, நேற்றைய மழையில் பசை விட்டு விழுந்ததாம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் நாங்கள் முப்பத்தேழு பேரும் இருக்கிறோம். ஒரு பக்கம் காலியாக இருந்த தாளை வீணாக்க உங்களுக்கு மனம் வரவில்லை. சொன்னபடி நடக்கிற மனிதர்தான், ஒப்புக்கொள்கிறேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நாளைக் காலை வேலைக்குக் கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் அதை மறுபடியும் கேட்டில் ஒட்டுங்கள், எங்கள் பக்கம் வெளியே தெரியும்படி.