விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கணைக்கும் மீன்தொட்டி

பரவை,
வியாழக்கிழமை.

மாண்புமிகு கொழுந்தனார் அழகுபாண்டி அவர்களுக்கு மதினி சீனியம்மாள் எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் நானும் உன் அண்ணனும் சௌக்கியம். புனேயில் நீயும் ராத்திரி வேலையும் பகல் தூக்கமுமாகச் சௌக்கியமாக இருப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் இதை எழுதுகிறேன்.

'மதினி கையில் இருந்தால் மீன் பிழைக்காது, கோரிப்பாளையத்தில் மீன் கடை வைத்திருக்கிற சிக்கந்தர் நாளைக்கு வந்து தொட்டியை எடுத்துக்கொள்வான்' என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். மிக்க சந்தோஷம். ஒரு மாசம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீ கூடத்தில் இறக்கிவிட்டுப் போன கடல்தண்ணித் தொட்டி, சாமி அலமாரியை மூலைக்குத் தள்ளிவிட்டு இரண்டு தீபாவளி பார்த்துவிட்டது. தாராளமாகப் போகட்டும். ஆனால் என் தலையில் கொலைப்பழியைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. நடந்ததைக் கேள்.

மேலே மீன் இருக்கிற தொட்டிக்கு வெள்ளை விளக்கு, கீழே அதைத் தாங்குகிற அலமாரிக்குள் பாசி வளர்கிற சின்னத் தொட்டிக்கு ஊதா விளக்கு. அந்தக் கீழ்த்தொட்டிக்கு வாய் நிறைய 'ரெஃப்யூஜியம்' என்று பேர் சொன்னாய், மீன் அழுக்கைப் பாசி தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் என்றாய், மேலே பகலில் எரிய வேண்டும் கீழே ராத்திரி எரிய வேண்டும் என்று டைமரைத் திருகிவிட்டு ரயிலேறினாய். பகலில் தூங்கி ராத்திரி முழிக்கிற பிறவி குடும்பத்துக்கு நீ ஒருத்தன் போதாதென்று ஒரு பாசியையும் பழக்கியிருக்கிறாய். அதையும் பொறுத்தேன். ஆனால் தினமும் நான் குளித்து, திரி போட்டு, தீக்குச்சியை உரசுகிற அந்த நிமிஷத்தில் உன் மேல் விளக்கு டப்பென்று அணைகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் விளக்கை அணைக்கக் கூடாது என்பது உன் இன்ஜினியரிங் பாடத்தில் வரவில்லை போலிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை குங்குமம் வாங்க வந்த எதிர்வீட்டுச் சோலையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஏத்தா சீனி, நீ ஏத்துற, ஒம் மீனு அமத்துது. ரெண்டு பேருக்கும் என்னத்தா சண்ட?" என்றாள். அப்புறம் தெரு முழுக்க அதுதான் பேச்சு.

அதனால்தான் டைமரில் கை வைத்தேன். மேல் விளக்கு நாங்கள் படுக்கிற வரை எரியட்டும், பாசி மற்ற செடிகளைப் போல மரியாதையாகப் பகலில் முழித்திருக்கட்டும், வெயில் இம்புட்டு அடிக்கிற ஊரில் அதற்கு எதற்கு வெட்டிக் கரண்டு என்று கீழ் விளக்கை மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் வைத்தேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குத்தான் கரண்டின் வலி தெரியும். கொஞ்ச நாளில் மேலே கண்ணாடி முழுக்கப் பச்சை பூசிக்கொண்டது, கீழே இருந்த பாசி வேகவைத்து மறந்துபோன கீரை மாதிரி நைந்து நாறியது. வளர வேண்டிய பாசி செத்தது, வளரக் கூடாத பாசி செழித்தது. பாசியிலும் நல்ல குடும்பம் கெட்ட குடும்பம் உண்டென்று சொல்லியிருந்தால் ஜாதகம் பார்த்திருப்பேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு, தெப்பக்குளம் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிக்கந்தருக்குப் போன் போட்டது நான், நீ அல்ல. வந்தவன் அழுகியதை அள்ளிப் போட்டு, புது உப்புத்தண்ணி மாற்றி, "யக்கா, கீழ பட்டினி, மேல விருந்து, அம்புட்டுத்தேன். பழையபடி ராத்திரிக்கே மாத்துங்க" என்றான். "மாத்துறேன். ஆனா மேல் விளக்க அஞ்சு மணிக்கே அமத்திட்டு, நான் விளக்கு ஏத்துறப்ப கீழ் விளக்கும் ஏறுற மாதிரி வச்சா உங்க பாசி கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன். "பாசிக்கு மணி பாக்கத் தெரியாதுக்கா" என்றான். இப்போது விளக்கு வைக்கிற நேரத்தில் என் வீட்டில் எந்த விளக்கும் அணைவதில்லை, இரண்டு விளக்கு ஏறுகிறது. கண்ணாடியும் தெளிந்துவிட்டது. நான் சாமி பாட்டுப் பாட உட்கார்ந்தால் மீன் இரண்டும் ஓரத்துக்கு வந்து நிற்கின்றன. சாமி கும்பிடவா, தீனிக்கா என்று நான் கேட்கவில்லை. கோயிலுக்கு வருகிறவர்களிடமும் நான் அதைக் கேட்பதில்லை.

ஆகவே தொட்டி உயிரோடு இருக்கிறது, நானும் கொலைகாரி இல்லை. சிக்கந்தர் நாளைக் காலையில் வந்து எடுத்துப் போகட்டும். சாமி அலமாரி தன் பழைய இடத்துக்கு வரும், எனக்கும் நிம்மதி. உனக்கு ராத்திரியில் தூக்கமும் பகலில் புத்தியும் வாய்க்க அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
தொட்டிக்காரி ஆகிப்போன உன் மதினி,
சீனியம்மாள்.

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் சிக்கந்தர் வண்டியோடு வந்துவிட்டான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது நேற்று எழுதும்போது ஞாபகம் வரவில்லை. வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே அனுப்பக் கூடாது என்று டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். நாளைக்குச் சனி, சொல்லவே வேண்டாம். மறுநாள் அமாவாசை. அதற்கப்புறம் பஞ்சாங்கத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டேன், மீன்தொட்டி வெளியே போக இந்த வருஷத்தில் ஒரு நல்ல நேரமும் போடவில்லை. நீ வரும்போது கீழ்த்தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் பாசி வாங்கி வா. ராகு காலத்தில் வாங்காதே.