ஜாமீன் அண்ணாச்சி வைத்த மொய்

வாழ்நாளில் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காத மனிதருக்குக் கடன் பெறும் தகுதி இல்லாமல் போகுமா? எங்கள் தெரு ஜாமீன் அண்ணாச்சி வங்கியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாளில் எனக்குள் எழுந்த கேள்வி இது.

ஆமத்தூரில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு மோட்டார் சைக்கிளும் ஓடியதில்லை. ஒரு கறவை மாடும் பால் கறந்ததில்லை. விருதுநகர் வத்தல் மண்டியில் எடை போடுபவர். யார் கடன் வாங்கினாலும் ஜாமீன் அவர்தான். தம்மை அழைக்காமல் கடன் வாங்கிவிட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு ஒருமுறை தீபாவளி வரை பேசாமலிருந்தார்.

கையெழுத்தும் கல்யாண மொய்யும் அவருக்கு ஒன்றே. இன்று நாம் வைத்தால், நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும்.

விசேஷம் வந்தது. மகள் தேவிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. கல்விக்கடன் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவருடைய கடன் அறிக்கையை என் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். ஆண்டுக்கொரு முறை எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய அந்த அறிக்கை இருப்பதே அவருக்குத் தெரியாது. ஜாமீன் நின்ற கடன்களெல்லாம் அவர் பெயரின் கீழும் பதிவாகியிருந்தன. பட்டாசு ஆலைகள் மூடிக்கிடந்த மாதங்களில் தவணைகள் தவறியிருந்தன; அதனால் அவருடைய கடன் மதிப்பெண்ணும் சரிந்திருந்தது.

"நான் வாங்காத கடனுக்கு எனக்கு ஏன் தம்பி மார்க்கக் குறைக்காக?"

"அவுக கட்டலேன்னா நீங்க கட்டுவீகன்னுதானே அண்ணாச்சி கையெழுத்து வாங்குனாக?"

"அது சும்மா மரியாதைக்குல்லா போட்டது."

மறுநாள் அவர் ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆட்களோடு வங்கிக்குப் புறப்பட்டார். தடுக்கப் போன நானும் ஏற வேண்டியதாயிற்று. அவரிடம் கையெழுத்து வாங்கிய அனைவரும், இருக்கன்குடிக் கோயிலுக்குக் கிளம்பியவர்களைப் போலச் சலவைச் சட்டையில் இருந்தார்கள். வங்கி மேலாளர் அம்மையார் முன் அண்ணாச்சி அவர்களை வரிசையாக நிறுத்தினார்.

"இவுக அம்புட்டுப் பேரும் எனக்கு ஜாமீன் நிப்பாக, மேடம்."

மேலாளர் ஒவ்வொரு பெயராகக் கணினியில் தட்டினார். தட்டத் தட்ட முகம் வாடியது. அண்ணாச்சியின் மதிப்பெண்ணைச் சரித்தவர்களே அங்கே வரிசையில் நின்றார்கள். இவர்களுக்கே இப்போது கடன் கிடைக்காது என்று தணிந்த குரலில் சொன்னார். பட்டாசு ஆலைத் தொழிலாளி முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி அவர் தோளில் கை வைத்தார்.

"ஏலே, கம்பெனியப் பூட்டிப்போட்டா நீ என்னலே செய்வ?"

பின்னர் அவர்கள் சிறுகச் சிறுக நிலுவையைக் கட்டினார்கள். கட்டினாலும் அறிக்கை உடனே தேறுவதில்லை. கல்லூரிச் சேர்க்கையோ காத்திருக்கவில்லை. தேவி இப்போது சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறாள்.

அதன்பின் அண்ணாச்சி யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. வேண்டாமென்று சொன்னவன் நான்தான், சொன்னது சரிதான். ஆனாலும், இப்போது யாரும் தேடி வராத அவர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறேன்.