முர்டோவின் முழங்கை

வலது அக்குளில் தொப்பியை இடுக்கிக்கொண்டு ஓட்ஸ் கஞ்சி குடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கரண்டி வாய்க்கு வருவதற்குள் பாதிக் கஞ்சி தபால்காரர் முர்டோவின் சட்டையில் இறங்கிவிட்டது.

“கை சுளுக்கா?” என்றாள் மனைவி எல்ஸ்பெத்.

“குளிருது.”

“குளிருதுன்னா தொப்பியத் தலையில போடுவாங்க.”

உண்மையை எப்படிச் சொல்வது? கோல்ஃப் மட்டையைப் பின்னால் தூக்கும்போதெல்லாம் முர்டோவின் வலது முழங்கை கோழி இறக்கை மாதிரி விரிந்துகொள்ளும். அடித்த பந்து ஒழுங்காகக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி, வலப்பக்கம் வளைந்துவிடும். பதினெட்டு வருஷமாக இதே கதைதான். அதற்காக அவர் ஒரு நாளும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை, போன ஞாயிறு வரை.

அன்று தேவாலய வாசலில் கோல்ஃப் மைதானத்துப் புல்வெளிக் காவலர் கிழவர் வாட்டியும் எல்ஸ்பெத்தும் பேசிக்கொண்டிருக்க, மீன்கடை டார்க்வில் வந்து நின்றான். “அடுத்த வருஷம் ஜோடி ஆட்டத்துல என்னோட சேர்ந்துக்கிறியா எல்ஸ்பெத்? என் பந்து வளையாது.”

பதிலைக் கேட்கத் தெம்பில்லாமல் முர்டோ நழுவிவிட்டார்.

ஜோடி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்ஸ்பெத் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசாமல் அவரோடு கடலோரமாக நடப்பாள். அவர் மட்டையைப் பிடித்துத் தலை குனிந்ததும் பின்னால் வந்து இரண்டு தோளையும் மெல்லப் பிடித்து, “ம், இப்ப அடி” என்பாள். அந்தப் பிடிக்காகத்தான் முர்டோ மீதி வருஷத்தையே ஓட்டினார். அது டார்க்விலின் தோளுக்குப் போய்விடுமோ என்றுதான் வாரம் முழுக்க ஊரெல்லாம் வைத்தியம் கேட்டு அலைந்தார்.

தொப்பி வைத்தியம் ரொட்டிக்கடைக்காரர் சொன்னது. “தொப்பி கீழ விழாம இருந்தா முழங்கை ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்” என்றார். முழங்கை அடங்கியது, முதுகு பிடித்துக்கொண்டது. தபால் போடும்போதும் தொப்பியை விடாததால் கை உயரவில்லை. மாடி வீட்டுக் கடிதங்களெல்லாம் கீழ்வீட்டுப் பெட்டிக்குப் போய், யாரோ ஒரு பெண்ணுக்கு வந்த காதல் கடிதத்தைக் கீழ்வீட்டுப் பல் டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டார்.

“இடது குதிகாலத் தூக்காதப்பா, முதுகு சரியாயிடும்” என்றார் முடிவெட்டும் ஹேமிஷ். முதுகு விட்டது, முழங்கால் பிடித்தது.

“அவசரம்தான் உமக்கு வியாதி. பைபிள் சங்கீதத்துல ஒரு வரியச் சொல்லிக்கிட்டே மெதுவாத் தூக்கும்” என்றார் போதகர். அடுக்களையில் சொல்லிப் பார்த்தார். ‘ஆமென்’ என்ற இடத்தில் விளக்கு உடைந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தில் எதிர் ஜோடி யார் என்று நினைக்கிறீர்கள்? டார்க்விலும் அவன் தங்கையும்தான். தொப்பி, குதிகால், சங்கீதம் மூன்றும் சேர்ந்து முர்டோவை முடக்க, அவர் தொட்ட பந்தெல்லாம் தரையோடு உருண்டது. எல்ஸ்பெத் ஒவ்வொன்றையும் மீட்டாள். கொடி நட்ட கடைசிக் குழிக்கு வந்தபோது எப்படியோ இரு ஜோடியும் சமம்.

அப்போது இடப்பக்கத்துக் கடலிலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. புல் போனது, கொடி போனது, டார்க்விலும் போனான். அலை மட்டும் எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உலகத்தில் தானும் ஒரு வெள்ளைப் பந்தும் மட்டும் மிச்சம் என்று முர்டோவுக்குத் தோன்றியது. ரொட்டிக்கடைக்காரர், ஹேமிஷ், போதகர் எல்லாரும் மனசிலிருந்து ஒவ்வொருவராகக் கரைந்து போனார்கள். தோளில் இரண்டு கைகள் வந்தன.

“ம், இப்ப அடி.”

மட்டை தானாகப் பின்னால் போனது. முழங்கை விலாவை ஒட்டிப் படுத்துக்கொண்டது. டொக் என்று ஒரே சத்தம். பந்து வெண்மைக்குள் வெண்மையாகப் போய்விட்டது.

முர்டோ மிதந்தபடி நடந்தார். கண்ணில் நீர் கட்டியது. “எல்ஸ்பெத், வாரம் பூரா உங்கிட்ட மறைச்சேன். முழங்கையச் சரி பண்ணிட்டேன். இனிமே என் பந்து வளையாது.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். “என்னது?”

பனிக்குள்ளிருந்து வாட்டியின் குரல் வந்தது. “யாருப்பா அது, பந்தக் கடலுக்குள்ள அடிச்சது?”

“கடலா? நேராத்தானே அடிச்சேன்” என்றார் முர்டோ.

எல்ஸ்பெத் புல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வாட்டி தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “நேரா அடிச்சா கடலுக்குத்தான் போகும் முர்டோ. உன் பந்து வளைஞ்சு வந்து விழணும்னுதானே பதினெட்டு வருஷமா இவ உன் தோளப் பிடிச்சுக் கடல் பக்கம் திருப்பி விடுறா. ‘நேரா அடிக்கிறவரோட எனக்கு ஆட வராது’ன்னு போன ஞாயிறே டார்க்வில்லத் திருப்பி அனுப்பிட்டாளேப்பா.”