அவசர வழி

படம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் தரை டிக்கெட்டிலிருந்து நாலைந்து பேர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டுப் புதுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். போன வேகத்திலேயே நிம்மதியான முகத்தோடு திரும்பியும் வந்தார்கள்.

மேனேஜர் பாண்டுரங்கன் கடைசி ஆளை மடக்கினார்.

"யோவ், எங்கய்யா போய்க்கினு வர்ற?"

"இன்னாண்ணே கேள்வி இது? அதான் கதவுல கொட்டை எழுத்துல எழுதிப் போட்டுக்கிறீங்களே!"

பாண்டுரங்கன் கதவைத் திரும்பிப் பார்த்தார். சிவப்புச் சாயத்தில் 'அவசர வழி' என்று இருந்தது. தீப்பிடித்தால் ஜனங்கள் தப்பித்துப் போவதற்காக அவர் எழுதச் சொன்னது. ஜனங்களுக்குத் தெரிந்த அவசரமோ ஒன்றே ஒன்றுதான்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து தீயணைப்பு ஆபீசர் சீனுவாசன் வருகிறார். போன தடவை வந்தபோது, உள்பக்கமாகத் திறக்கிற பழைய கதவுகளையும், மாடியில் ஆபரேட்டர் அறையின் மக்கிப்போன பலகைக் கதவையும் பார்த்துவிட்டு, "திண்டிவனத்துல சினிமாக் கொட்டகைன்னு சொன்னாங்க, இது எலிப்பொறியால்ல இருக்குது?" என்று கேட்டவர்.

வேர்க்கடலை வியாபாரமும் செய்கிற முதலாளி சுமதிநாதன் நயினார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பாண்டுரங்கா, புதுக் கதவு போட்டுத் தர்றேன். அதுக்கப்புறமும் லைசென்ஸ் கிடைக்கலன்னா, கொட்டகைய மல்லாட்டை குடோன் ஆக்கிடுவேன். மல்லாட்டைக்கு மேனேஜர் தேவையில்ல, தெரிஞ்சுக்கோ."

கதவு என்றால் அதுவல்லவா கதவு! தேக்குப் பலகை, இருபுறமும் தகடு. பக்கக் கதவுகளை உள்ளேயிருந்து முழங்கையால் இடித்தால் போதும், வெளிப்பக்கமாக விரியத் திறந்து வழிவிடும். ஆபரேட்டர் அறைக் கதவு அதைவிடச் சமர்த்து. கப்பியில் தொங்கும் மணல் மூட்டை இழுக்க, கையை எடுத்ததும் தானே சாத்திக்கொள்ளும். உள்ளே பிலிமே பற்றி எரிந்தாலும் தீ அந்த அறையைத் தாண்டாது. பாண்டுரங்கனுக்குப் பெற்ற பிள்ளைகளைக் காட்டிலும் அந்தக் கதவுகளிடம் பெருமை அதிகம். கீல்களுக்குத் தம் கையாலேயே எண்ணெய் விட்டார்.

ஆபரேட்டர் பச்சைமுத்துவுக்குத்தான் அந்தப் பெருமை எட்டவில்லை. "உள்ள ஆளே வெந்துபோறேண்ணே" என்று ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்திருந்தான்.

"கல்லை எடுடா!"

"எடுக்கறேண்ணே."

மேனேஜரின் தலை மறைந்ததும் கல் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

அது கிடக்கட்டும், முதலில் இந்த எழுத்துக்கு வழி பார்ப்போம் என்று பெயிண்டர் தாண்டவராயனைக் கூப்பிட்டார்.

"கீழ இன்னொரு வரி சேரு. 'அவசரத்துக்கு மட்டும்'னு கண்டிப்பா எழுது."

அன்று மாலைக் காட்சியில், அதுவரை முன்வாசல் வழியாகப் போய்வந்த மரியாதைப்பட்டவர்களும் இந்தக் கதவுக்கு மாறினார்கள். ஒரு பெரிய மனிதர் பாண்டுரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குன்னே தனிக் கதவு வெச்ச கொட்டகைய நான் வேற எந்த ஊர்லயும் பாக்கல. நல்லா இருப்பா!"

மறுநாள் காலையில் பாண்டுரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "எழுத்தை நம்பிப் பிரயோசனமில்ல, தாண்டவராயா. பொம்பளைங்க பக்கத்துக் கதவுல நெருப்புப் படம் போடு. பார்த்த ஒடனே தீன்னு தெரியணும்."

தாண்டவராயன் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குத் திரை எழுதுகிறவன். அவனுக்குத் தெரிந்த தீ, தீமிதிக் குண்டத்துத் தீ. அதை மனசாரப் போட்டான். போதாக்குறைக்கு மேலே ஒரு பூச்சரமும் போட்டான்.

விளைவு, பகல் காட்சிக்குள் கதவுக்கு மஞ்சள் குங்குமம் ஏறிவிட்டது. குப்பம்மாள் என்கிற அம்மாள் கதவடியில் கற்பூரத்தையே ஏற்றிவிட்டாள். பாண்டுரங்கன் பதறிக்கொண்டு ஓடினார்.

"ஐயோ, இன்னாம்மா பண்ற? இது தீக்கதவும்மா!"

"ஆமா சாமி, தீயில பொறந்தவ கதவுதானே?" என்று குப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தீயைத் தடுக்க வந்த கதவுக்கே தீபாராதனை! இதை ஆபீசர் பார்த்தால் குடோன்தான். அன்றைக்கே வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் படத்தைத் தேய்த்தார். படம் போயிற்று. கதவு மட்டும் பத்தடி தூரத்துக்கு மண்ணெண்ணெய் மணந்தது.

சனிக்கிழமை வந்த ஆபீசர் கதவருகில் மூக்கைச் சுளித்தார்.

"ஏன்யா, தீக்கதவுக்கு மண்ணெண்ணெய் அபிஷேகமா?"

நயினார் பாண்டுரங்கனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் மல்லாட்டை மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"இருக்கட்டும். ஜனங்க எப்படி வெளிய போறாங்கன்னு பாத்துட்டு மாடிக்குப் போறேன்" என்று ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாண்டுரங்கனுக்கு அப்போதுதான் மாடிச் செங்கல் ஞாபகம் வந்தது. வெளி முற்றத்து மாடிப்படியை நோக்கி ஓடினார்.

படியடியில் மல்லாட்டை அவித்து விற்கும் அம்சவள்ளி வழிமறித்தாள். அவள் தலைக்கு மேலே இடைவேளை மணியான தண்டவாளத் துண்டு தொங்கிற்று. ஒற்றை மெஷின் கொட்டகை. ரீல் தீரும்போதெல்லாம் இடைவேளை. பச்சைமுத்து மேலிருந்து கையைக் காட்டினால் கேட்காரர் அதைத் தட்டுவார்.

"அண்ணே, இன்டர்வல் எப்போ உடுவீங்கன்னே புரியல. மல்லாட்டை ஆறிப்போனா எவன் வாங்குவான்? அடுப்பு வேற ஆடிக்கினே கீது."

"லைசென்ஸ் போச்சுன்னா கொட்டகை பூரா மல்லாட்டைதான், பேஜாரு பண்ணாத!"

அதற்குள் நயினார் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார். பாண்டுரங்கன் பாதிப் படியிலேயே திரும்பி, முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஆபீசர் பக்கத்தில் போய் நின்றார்.

படம் ஓடிற்று. கதாநாயகி அழத் தொடங்கிய நேரம், டாண் டாண் என்று மணி அடித்தது.

ஜனங்கள் எழுந்தார்கள். நாலு நாளாகப் பழகிய கால்கள் நேரே அவசர வழிக்குத் திரும்பின. முழங்கைகள் இடித்தன, கதவுகள் விரிந்தன. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. பெண்கள் பக்கமும் அப்படியே. கொட்டகை முழுக்கக் காலியான பிறகுதான் பாண்டுரங்கன் மேலே பார்த்தார். ஆபரேட்டர் அறைத் துவாரத்தில் புகை!

"தீ!" என்று கத்த வாயெடுத்தார். கேட்பதற்கு உள்ளே ஆளில்லை.

ஆபீசர் மணல் வாளியோடு மாடிக்குத் தாவினார். பச்சைமுத்து அலறிக்கொண்டு வெளியே வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் தகடு அடித்த கதவு டப்பென்று தானே சாத்திக்கொண்டது. தீ ஒரு ரீலைத் தின்றுவிட்டு, வேறு போக்கிடமில்லாமல் அடங்கியது. படிக்கட்டுக்கு ஒரு கீற்றுப் புகைகூட வரவில்லை.

கரிபடிந்த கையோடு ஆபீசர் பாண்டுரங்கனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஜில்லா பூரா சுத்தறேன். கதவுக்குக் கல்லு முட்டுக் குடுக்காத கொட்டகைய இன்னிக்குத்தான்யா பாக்கறேன். ஜனங்களையும் பட்டாளம் மாதிரி பழக்கி வெச்சிருக்கீரே! லைசென்ஸ் உண்டு."

நயினாரின் கண் கலங்கிவிட்டது. "குடோன் பேச்ச மறந்துடு பாண்டுரங்கா!" என்று தம் அங்கவஸ்திரத்தை அவர் தோளில் போட்டார்.

பாண்டுரங்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பச்சைமுத்துவிடம் போனார்.

"சமயத்துல கல்லை எடுத்து, மணியும் அடிக்கச் சொன்னியே. நீதான்டா ஆபரேட்டர்!"

பச்சைமுத்து விழித்தான். "கல்லை நீங்க எடுத்தீங்கன்னுல்ல நெனச்சேன்! நான் கையே காட்டலண்ணே. ரீலு ஓடிக்கினு இருக்கும்போதே மணி கேட்டுது. திடுக்குன்னு மெஷின நிறுத்திட்டேன். நின்ன பிலிம்தான் லைட்டு சூட்டுல பத்திக்கிச்சு!"

பாண்டுரங்கன் அங்கவஸ்திரத்தோடு முற்றத்துக்கு ஓடினார். வெளியே வந்த கூட்டம் முழுக்க அம்சவள்ளியைச் சுற்றி மல்லாட்டை கொறித்துக்கொண்டிருந்தது. அவள் ஆவி பறக்கும் பொட்டலம் ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"கோச்சுக்காதண்ணே, அடுப்புக்கு ஒரு கல்லு கொறைஞ்சுதுன்னு மாடிக் கதவாண்ட இருந்தத எடுத்தாந்தேன், மல்லாட்டை ஜல்தியா வெந்துடுச்சு, ஆறிடுமேன்னு மணிய நானே அடிச்சுட்டேன், கொஞ்சம் முன்னாடி இன்டர்வல் உட்டா இன்னா, கொட்டகையா பத்திக்கினு எரிஞ்சிடப் போவுது?"