வெறுங்கூடையின் எடை

ஹாலிஎல,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் தயாபரனுக்கு,

உன் அக்கா ரெங்கம்மாவும் மகள் மேனுஷாவும் நானும் முருகன் புண்ணியத்தில் சுகம். கொழும்பில் நீயும் உன் கம்பியூட்டர்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். ஒரு போனில் முடிகிற விஷயத்துக்கு ஏன் கடிதம் என்று கேட்பாய். தராசில் நிற்கிறவன் கையிலேயே நிறுவைச் சீட்டைக் கொடுத்தனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. அதனால்தான் இன்டர்நெட்டைப் பற்றிய தீர்ப்பைத் தபாலில் அனுப்புகிறேன்.

போன மாதம் மேனுஷாவின் இன்டர்வியூ பாதியில் நின்றது உனக்குத் தெரியும். திறந்த வாயோடு அவள் முகம் திரையில் அப்படியே உறைந்துவிட்டதாம். பாவம் பார்த்து இந்த வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை, கிடைக்காவிட்டால் பிள்ளை கொழும்புக்கு வந்து போர்டிங்கில் கிடக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய விண்டோஸ் பெட்டியா, தீபாவளிக்கு நீ அனுப்பிய லினக்ஸ் மடிக்கணினியா, எதன் முன்னால் அவளை உட்கார வைப்பது? தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை நான், இதை நிறுக்க முடியாதா என்று இறங்கிவிட்டேன்.

தோட்டத்தைப் போலவே காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. ஒரே வீடியோவை இரண்டிலும் மாறி மாறி இறக்கினேன். உன் அக்காவுக்குக் கடிகாரம் பார்க்கிற வேலை. "அடுப்புல பருப்பு கெடக்கு, ஒங்க வீடியோவுக்கு நான் காவலா?" என்றாள், அன்று மூன்று பேரும் தீய்ந்த பருப்பைத்தான் தின்றோம். மழை பெய்த அந்தி நிறுவையை மட்டும் தள்ளிவிட்டேன், ஈரக் கொழுந்தை நம்ப முடியாது.

ஒவ்வொரு சிஸ்டமும் நம் வேலையைத் தொடுமுன் தன் சொந்தக் காரியத்துக்கே கொஞ்சம் பலத்தைச் செலவழிக்கும், அதற்கு ஓவர்ஹெட் என்று பெயர் என்றாயே, எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது கூடையின் எடை! கொழுந்தோடு தராசில் ஏறும், ஆனால் கொழுந்தில்லை. ஒரு வேலையும் கொடுக்காமல் பழைய பெட்டியின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒன்றுமே இல்லை, உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது. யாருக்காகச் சுற்றுகிறது மச்சான்? அதை யோசித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. கடைசியில், தோட்டத்து முறைப்படி, ஓவர்ஹெட்டுக்காக இரண்டுக்கும் பொதுவாகப் பத்து செக்கன் கழித்தேன்.

முடிவு: விண்டோஸ் நாலு நிமிஷம், லினக்ஸ் ஐம்பது செக்கன்! பழைய பெட்டியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி விறகு அறையில் வைத்துவிட்டேன். உன் லினக்ஸ் பிள்ளையின் காலில் விழாத குறைதான்.

உன் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும், பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் நல்லையா.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடும்போது இராக்கம்மா வந்தாள், எங்கள் டிவிஷனில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். கதையைக் கேட்டுவிட்டு, "வெறுங்கூடைய நிறுத்துப் பாத்தீங்களாய்யா?" என்றாள்.

"ரெண்டுக்கும் பொதுவா பத்து கழிச்சிட்டேன்."

"எங்களுக்கும் அப்படித்தானே செஞ்சீங்க. என் கூடை லேசுன்னு எத்தன வாட்டி சொன்னேன். எல்லாருக்கும் ரெண்டு கிலோன்னு கழிச்சீங்க, கூலியிலயும் அது கொறஞ்சிச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விறகு அறையிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து, ஒரு வேலையும் கொடுக்காமல் இரண்டையும் வெறுங்கூடையாக ஆராய்ந்து பார்க்கும்படி மேனுஷாவிடம் சொன்னேன். மடிக்கணினி நம் இன்டர்நெட் லைனிலேயே இல்லையாம்! நம் லைன் வேலை செய்யாத ஒரு நாளில் பக்கத்து வீட்டு ஸலீம் நானாவின் லைனில் அவள் இணைத்தாளாம், அன்று முதல் அது தானாகவே அங்கே போய்விடுகிறது. ஒரே லைனில் போட்டால் இரண்டுக்கும் நாலு செக்கன்தான் வித்தியாசம், எது முந்துகிறது என்பதும் தடவைக்குத் தடவை மாறுகிறது. ஆக, மேலே எழுதியது எல்லாம் தப்பு. வெள்ளிக்கிழமை மேனுஷா ஸலீம் நானா வீட்டிலிருந்து பேசுவாள், அவர் மனைவி ஹம்ஸியா ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டாள்.

இராக்கம்மாவின் பழைய கூடை இன்னும் அவள் வீட்டில் இருக்கிறதாம். நாளைக் காலை தராசோடு போகிறேன். ஒரு கிலோகூட வராது என்கிறாள். அந்த முள்ளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.