மழைத் தோட்டத்தில் யாரோ

இந்தச் செவ்வாய்க்கிழமையும் தெருமுனை மழைத் தோட்டத்துச் செடிகளை யாரோ பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். மூன்றாவது வாரம். கடை ஷட்டரைப் பாதி தூக்கிய தையல்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

தெருக்காரர்கள் சேர்ந்து முனையில் பள்ளம் வெட்டி அந்த மழைத் தோட்டத்தைப் போட்ட பிறகுதான் அவர் கடைக்குள் வெள்ளம் புகுவது நின்றது. தெருவில் ஓடிவரும் மழைநீர் அதில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். செடி போனால் தையல் மெஷின் மறுபடி தண்ணீரில் நிற்கும்.

வழக்கம்போல எல்லாவற்றையும் திரும்ப நட்டு, குடம் குடமாக ஊற்றினார். அவர் நட்டவை இரண்டே நாளில் தழைத்தன. தன் கைராசி என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

ஆனால் முதலில் வைத்த பூச்செடிகள் வாடின. அவற்றைத் தேடி வந்த தேனீக்களையும் காணவில்லை. யாரோ மருந்து தெளிக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். மருந்து என்றதும் எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர்தான் கண்ணில் பட்டார். கொசு வரும் என்று ஆரம்பத்திலேயே முகம் சுளித்த ஆள். தையல்காரர் ஜாடையாக ஏதோ சொல்லப்போக, பத்து வருஷப் பழக்கம் அன்றோடு முறிந்தது.

அதோடு விடாமல், எவனும் கால் வைக்க முடியாதபடி பள்ளத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கிப் பூசினார். மறுநாள் மழை. உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் நேராக அவர் கடைக்குள் வந்தது. தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் நாற்பதும் நனைந்தன. கட்டிய சுவரை அவரே உடைத்தார்.

"மருந்துக்கடைக்காரர் மேல எனக்குச் சந்தேகம் இல்லைங்க. அவர் குனிஞ்சே நான் பார்த்ததில்ல," என்றாள் மனைவி. "செவ்வாய்க்கிழமை சீக்கிரமா போய்ப் பாருங்க."

போனார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் பாத்தியில் மண்டியிட்டு, அவர் நட்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தையல்காரர் பாய்ந்து போய்க் கையும் களவுமாகப் பிடித்தார்.

அவள் பதறவில்லை. நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க அண்ணா. செடி குடுத்த நர்சரியிலருந்து வர்றேன். நான் வாராவாரம் களை பிடுங்கிப் போடுறேன், எவனோ ஒருத்தன் அதை ஒண்ணு விடாம திரும்ப நட்டு, தண்ணியும் ஊத்திட்டுப் போறான். ஆளைப் பார்த்தீங்களா?"