இரண்டு பக்கமும் மூடிய பைப்பு

முதலில் வம்புக்கு வந்தது சகலைதான். குழாய் வேலை பார்க்கும் பைப்புக்காரர் அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் அந்தச் சகலை. போன தடவை அவர் வீட்டு மாடியில் ஆண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சகலை ஒரு வெளிநாட்டுச் சுருட்டுப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று நீட்டிக்கொண்டே வந்தார். பைப்புக்காரரும் கையை நீட்டினார். பெட்டி அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டது.

"அண்ணனுக்கு இதோட அருமை தெரியாது. வீணாப் போயிடும்" என்றார் சகலை.

எல்லாரும் சிரித்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வது? பைப்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். அந்த இடம் இன்னும் அரிக்கிறது.

இப்போது சகலை புது வீடு வாங்கியிருந்தார். பார்க்க வரச் சொல்லி விமான டிக்கெட்டும் அவரே எடுத்து அனுப்பியிருந்தார். அது இன்னொரு அவமானம். பைப்புக்காரர் அதை மனசுக்குள் தனியாக ஓர் அறையில் போட்டுப் பூட்டி வைத்தார். அந்தச் சமயம் பார்த்து, அவர் வழக்கமாக வேலை பார்க்கும் பங்களாக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். போகும்போது ஆறு சுருட்டை அவர் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றும் கட்டை விரல் பருமன். இலை பட்டுப்போல மின்னியது.

திட்டம் அந்த நிமிஷமே தயார். புது வீட்டு மாடி, அதே வட்டம். ஆளுக்கொன்று நீட்டிக்கொண்டே வர வேண்டும். சகலை கையை நீட்டுவார். அப்போது தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான். அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை.

"பத்திரம்" என்று பங்களாக்காரர் எச்சரித்திருந்தார். "காஞ்சா மேல் இலை வெடிச்சிடும். நனைஞ்சா பூசணம் பிடிக்கும். பெரிய பெட்டியில போட்டா ஏத்தி இறக்குறதுல நசுங்கிடும். கையோட கொண்டு போங்க. லேசா ஈரம் இருக்கணும், காத்து மட்டும் போகக் கூடாது."

காற்றுப் போகக் கூடாது, கசியக் கூடாது, நசுங்கக் கூடாது. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். பைப்புக்காரர் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை பைப்பை அறுத்தார். ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு ஒட்டினார். சுருட்டுகளை மெல்லிய காகிதத்தில் சுற்றி உள்ளே இறக்கினார். ஈரத்துக்கு ஸ்பாஞ்சு வேண்டுமே? சமையலறையில் இருந்ததை எடுத்தார். பாதியைத்தான் வெட்டிக்கொண்டார். முழுசையும் எடுத்தால் தெரிந்துவிடும் அல்லவா? மறுமுனையில் மரை மூடி. அதற்குச் சுற்றுச் சுற்றாக வெள்ளை டேப்பு. இறுக்கின இறுக்கில் ஸ்பானரே முனகியது.

இனி ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி. மனைவி.

இருமல் வந்து படுத்தபோது, "இனிமே புகையைத் தொட்டா நான் மனுஷனே இல்ல" என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தார். "அது மட்டும் இல்ல, சோறும் இல்ல" என்று அவள் அப்போதே சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

"என்னங்க, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல பாதியைக் காணோம்."

"எலியா இருக்கும்."

"எலி ஸ்பாஞ்சு திங்குமா?"

"இந்தக் காலத்து எலி எதைத்தான் விட்டு வைக்குது?"

"கத்திரிக்கோல் வச்சு நேரா வெட்டித் தின்னுருக்கே. சரி விடுங்க. பையில அது என்ன பைப்பு?"

"உன் தங்கச்சி வீட்டுல குழாய் ஒழுகுதாம். அதுக்கு."

"புது வீட்டுலயா?"

"புது வீடுதான் முதல்ல ஒழுகும். என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஐயோ இல்லைங்க. பாவம், நமக்கு எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன்."

அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே கிடையாது. பைப்புக்காரர் விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

விமான நிலையத்தில் பை எந்திரத்துக்குள் போனது. வெளியே வரவில்லை. எந்திரம் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் கண்ணைச் சுருக்கினார். இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சுருக்கினார்கள்.

"இது யாரோட பை?"

"என்... என்னுதுதாங்க."

கையுறை போட்ட காவலர் பைப்பை மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேசையில் வைத்தார். வரிசை தானாகவே நாலடி பின்னால் போனது. மனைவி மட்டும் நகரவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

"ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. உள்ள என்ன?"

பைப்புக்காரர் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் காவலர் விட்டுவிடுவார், மனைவி விடமாட்டாள். சொல்லாவிட்டால் மனைவி விட்டுவிடுவாள், காவலர் விடமாட்டார். ஒரு பக்கம் பார்த்தார், துப்பாக்கி. மறுபக்கம் பார்த்தார், மனைவி. துப்பாக்கியே தேவலை என்று தோன்றியது.

"பைப்புங்க" என்றார்.

"பைப்புன்னு தெரியுது. உள்ள?"

"உள்ளயும்... பைப்போட உள்பக்கம்தாங்க."

"திறங்க!"

திறப்பதுபோல மூடியில் கையை மட்டும் வைத்தார். வராது என்பது அவருக்கே தெரியும். அவர் இறுக்கிய மூடியை யாரும் வெறுங்கையால் திறந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமைப்படுகிற நேரமா அது? வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. பெரிய அதிகாரி ஒருவர் கையில் கருவியோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். எங்கோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"சார், நான் திறக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க."

"ஒண்ணும் இல்ல சார். இத்தனை வருஷமா பைப்புக்காரர் பெண்டாட்டி."

பைப்பை எடுத்தாள். இரண்டு விரலால் திருகினாள். ஊறுகாய் ஜாடி மூடிபோலக் கழன்று வந்தது. பைப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தார். கையுறைக் காவலர் இரண்டு விரலால் ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். பைப்புக்காரரின் பழைய பனியன். ஓட்டைகள் வழியாக அந்தப் பக்கத்து விளக்கு தெரிந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "பனியனை எதுக்குங்க பைப்புக்குள்ள வச்சீங்க?"

"கசங்காம இருக்க" என்றார் பைப்புக்காரர்.

வேறென்ன சொல்ல முடியும்?

விமானத்தில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுருட்டு எங்கே? கேட்டால், வைத்தது நான்தான் என்று ஆகிவிடும். குப்பையில் போட்டிருப்பாளோ? அடுப்பில் போட்டிருப்பாளோ? ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் அவள் திரும்பி, "என்னங்க, ஏதாவது வேணுமா?" என்றாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் வேண்டாம் என்றார். அவள் தன் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை.

சகலை வீட்டு மாடியில் அன்று சாயங்காலம் அதே வட்டம். சகலையோடு சேர்த்து ஐந்து ஆண்கள், அப்புறம் பைப்புக்காரர். மனைவி படியேறி வந்தாள். கைப்பையைத் திறந்து எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்தாள்.

"தம்பி, உங்க அண்ணன் உங்களுக்குன்னே ஆசையா வச்சிருந்தாரு. அவருதான் விட்டுட்டாரே. அதான் முழுசா உங்களுக்கே."

டப்பா திறந்தது. ஆறு சுருட்டும் துணியில் சுற்றி, வரிசையாக, பங்களாவில் இருந்ததைவிட ஜோராகப் படுத்திருந்தன. மூடியின் உள்பக்கம் லேசான ஈரத்தோடு பச்சை ஸ்பாஞ்சு. எலி மிச்சம் வைத்த பாதி.

"அண்ணே!" என்று சகலை அவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த கையோடு டப்பாவை எடுத்து ஆளுக்கொன்று நீட்டிக்கொண்டே வந்தார். பைப்புக்காரரின் கை, அவரைக் கேட்காமலே, தானாக நீண்டது. டப்பா தாண்டிப் போனது.

"அண்ணன் விட்டுட்டாராம்ல. கெடுக்கக் கூடாது."

பைப்புக்காரர் தலையைச் சொறிந்தார். அதே இடம்.

"என்னங்க," என்றாள் மனைவி, "குழாய் ஒழுகுதுன்னு சொன்னீங்களே, தங்கச்சிகிட்ட கேட்டேன். அவளே மறந்துட்டாளாம். தேடிப் பார்த்தா மூணு ஒழுகுது. ஸ்பானரைப் பெரிய பெட்டியில போட்டு நான்தான் எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க."

குளியலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார் பைப்புக்காரர். மாடியிலிருந்து சிரிப்பும் மணமும் இறங்கி வந்தன. நல்ல சரக்கு. அருமை அவருக்குத் தெரிந்தது. யாரோ படியில் இறங்கும் சத்தம். கதவு இடுக்கில் சகலையின் தலை, வாயில் புகையோடு.

"அண்ணே, ஒண்ணு மிச்சம் இருக்கு."

பைப்புக்காரர் ஸ்பானரைக் கீழே போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் மனுஷன், என்று ஒரு கணம் நினைத்தும்விட்டார்.

"நாளைக்கு வேலையா வெளியூர் போறேன், விமானத்துல. இது நசுங்காம கொண்டு போகணும்" என்றார் சகலை. "அண்ணி சொன்னாங்களே, அந்தப் பைப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?"

கொடுத்தார். போன தடவை கிடைக்காத சுருட்டு ஒன்று, இந்தத் தடவைச் சுருட்டு ஆறு, இப்போது ஒரு பைப்பு. சகலை இன்னும் ஒன்றுகூடத் திருப்பித் தரவில்லை.